மூன்றாவது சாதனம்

தொட்டி வழிந்தது. அது ஒன்றும் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு வழிந்த தண்ணீர் மதில் சுவரைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மா காயப்போட்டிருந்த ஐந்து வெள்ளைக் கோட்டுகளின் மேல் விழுந்துவிட்டது. தொட்டியோ பாசி பிடித்த தொட்டி. கோட்டு ஐந்தும் பச்சை.

டாக்டரம்மா அதில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இதப் போட்டுக்கிட்டு நான் போய் நின்னா எவனாவது வாயைத் திறப்பானா? நீங்களே சொல்லுங்க."

லிப்ட்காரருக்கு ரோஷம் வந்தது. முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை லிப்ட்காரர் என்றுதான் கூப்பிடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் ஒரு மெஷினும் இதுவரை அவர் பேச்சைத் தட்டியதில்லை. மனிதர்கள்தான் தட்டினார்கள். முக்கியமாக ஒரு மனிதர்.

"இவதாங்க மோட்டாரைப் போட்டா" என்று மனைவியைக் கைகாட்டினார்.

"போட்டது நான்தான். நிறுத்துங்கன்னு உங்ககிட்ட சொல்லலையா?"

"எப்ப சொன்ன?"

"நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தப்ப."

"பேப்பர் படிக்கிறப்ப சொன்னா அது சொன்னதுல சேருமா?"

"டாக்டரம்மா, இவருக்கு ஒரு வியாதி. பேப்பரைப் பிரிச்சா காது அடைச்சுக்கும். சாப்பிட வாங்கன்னா மட்டும் டக்குனு திறந்துக்கும். இதுக்கு மருந்து இருக்கா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பச்சைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தபடியே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை லிப்ட்காரர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அவர் நெஞ்சுக்குள் ஒரு பீரோ இருந்தது. தனக்கு யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். இரண்டாம் தட்டில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் துளைபோடும் மெஷினை இரவல் வாங்கிப்போய், முனையை முறித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அப்பவே அப்படித்தான் இருந்துச்சு அத்தான்" என்றவன். முதல் தட்டில் ஓணான். ஓணான் என்பது வேலையிடத்து மேற்பார்வையாளர். பெரிய அதிகாரி எது சொன்னாலும் தலையாட்டுவதால் வந்த பெயர். ஒரு நாள் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே பெரிய அதிகாரி. லிப்டை அன்றைக்குத் தொட்டவன் ஓணான். ஆனால் பதிவேட்டில் இருந்தது லிப்ட்காரர் கையெழுத்து. "பதிவுல யாரு பேர் இருக்கோ அவர்தான் பொறுப்பு" என்று ஓணான் தலையாட்டிக்கொண்டே சொன்னான். மெமோ வந்தது. பதவி உயர்வு போனது. அந்த வாக்கியம் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி, அவரோடேயே இருந்தது.

"பதிவு இல்லாததாலதான் இவ்வளவு பேச்சு" என்றார் மனைவியிடம். "இனிமே இந்த வீட்டுல மோட்டார் ஓடினா, யாரு ஓட்டினாங்கன்னு எழுத்துல இருக்கும். நான் பண்ணிக் காட்டுறேன்."

"பண்ணுங்களேன். யாரு வேணாம்னா?"

"தொட்டி வழிஞ்சு, அதுல உன் பேர் வந்தா?"

"வந்தா அந்த மாடி ரூம் பேச்சையே எடுக்க மாட்டேன். உங்க பேர் வந்தா?"

லிப்ட்காரர் ஒரு நொடி தயங்கினார். மாடி அறைதான் அவருடைய ராஜ்யம். கழற்றிய கதவுச் சக்கரங்கள், பழைய பட்டன்கள், கம்பிச் சுருள்கள், நடுவில் அவருடைய மேஜை. அந்த அறையைத்தான் இரண்டு வருஷமாக மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சனிக்கிழமை தையல் கற்றுக்கொள்ள ஆறு பெண்கள் வருகிறார்கள். ஆறு பேரும் கூடத்தில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து தைக்கிறார்கள். அவர் நடந்து போனால் ஏதாவது ஒரு துணியை மிதித்துவிட்டார் என்று கத்துகிறார்கள். சொந்த வீட்டில் ஒரு மனிதன் குதித்துக் குதித்து நடக்க வேண்டுமா? என்ன அநியாயம் இது! அந்த ஆறு பேர் முகத்தையும் அவர் ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவ்வளவு கோபம்.

"என் பேர் வந்தா ரூமை எடுத்துக்க" என்றார். "ஒரு வாரம். டாக்டரம்மாதான் சாட்சி."

மறுநாள் மின்னணுச் சாமான் கடைக்குப் போனார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண். தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுக்குள்ளயே ஒரு வெப் சர்வர் ஓடும் சார். உங்க வைஃபையில சேர்த்துட்டா, போன்ல ஒரு பக்கம் திறக்கும். அதுல மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். தொட்டியில எவ்வளவு தண்ணின்னு பார்க்கலாம். யாரு எப்ப போட்டாங்கன்னு பதிவும் இருக்கும்."

"பதிவு இருக்குல்ல? அது போதும்."

"கடைசிப் பக்கத்துல ரெண்டு டிக் இருக்கு சார். மறக்காமப் போட்டுருங்க. ஒண்ணு, தொட்டி நெறஞ்சா மோட்டார் தானா நிக்கும். இன்னொண்ணு, பக்கம் தானா புதுசாகும். இல்லைன்னா பழைய கணக்கையே காட்டிக்கிட்டு இருக்கும், நீங்க கீழ இழுத்தாத்தான் மாறும்."

"தானா நின்னுட்டா யாரு தப்புன்னு எப்படிம்மா தெரியும்?"

கடைப்பெண் அவரைப் பார்த்தாள். "தப்பே நடக்காதே சார்."

"தப்பு நடக்கணும்மா. அதுக்குத்தானே இவ்வளவும்!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இரண்டாவது டிக் பற்றி அவள் சொன்னது அவர் காதிலேயே ஏறவில்லை.

மூன்று நாள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. தொட்டிக்குள் அளவு பார்க்கும் உருளை ஒன்று. மோட்டார் முதுகில் சூடு பார்க்கும் குமிழ் ஒன்று. மோட்டாருக்கு மூன்று நிலை எழுதினார்: ஓடுகிறது, நிற்கிறது, சூடேறியிருக்கிறது. போர்டை வைஃபையில் சேர்த்தார். போனில் முகவரியைத் தட்டினார். பக்கம் காணவில்லை என்றது போன்.

"காணவில்லையா? உனக்கு எதிர்லதானேடா உட்கார்ந்திருக்கேன்!"

வைஃபை பெட்டி போர்டுக்கு ஒரு முகவரி கொடுக்கும். கரன்ட் போய் வந்தால் அதையே வேறாக மாற்றிவிடும். குடியிருப்பவரைக் கேட்காமல் கதவு எண்ணை மாற்றுவதற்கு இது யார்? அரை நாள் சண்டை போட்டு, போர்டுக்கு நிரந்தர முகவரி வாங்கிக் கொடுத்தார். வீட்டு வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டுமே பக்கம் திறக்கும்படியும் செய்தார். வெளியே இருந்து மச்சான் நுழைந்துவிடக் கூடாதல்லவா? அனுமதி இல்லாதவர் கை வைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று போர்டு கேட்டது. பற்களைக் கடித்துக்கொண்டு அவரே எழுதினார்: "இதில் கை வைக்க உமக்கு அனுமதி இல்லை. போய் வேலையைப் பாரும்."

அடுத்து, தலைமைப் பாஸ்வேர்டு கேட்டது. யாருக்கும் தெரியாததாக, தனக்கு மறக்கவே மறக்காததாக இருக்க வேண்டும். ஓணான் என்று போட்டார். போதாது, எண் வேண்டும் என்றது. ஓணான் மெமோ கொடுத்த வருஷத்தைச் சேர்த்தார். ஏதாவது ஒரு குறி வேண்டும் என்றது. ஆச்சரியக்குறி வைத்தார். ஒன்று போதும் என்றது போர்டு. அவர் ஆத்திரத்துக்கு மூன்று வைத்தார்.

கடைசி வேலையாக, சுவரில் இருந்த மோட்டார் ஸ்விட்சைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து மூடினார். இனிமேல் யாராக இருந்தாலும் பக்கத்தைத் திறந்து, பெயரைச் சொல்லித்தான் மோட்டாரைப் போட முடியும். மனைவிக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். மடித்தாள். நூல்கண்டு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"நெறஞ்சா தானா நிக்கிற மாதிரி பண்ண முடியாதாங்க?"

"அப்புறம் நீ எப்படி மாட்டுவ?"

"ஓ" என்றாள் மனைவி. முப்பது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவர், அந்த 'ஓ'வைக் கேட்டு உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

முதல் நாள் காலை. "என்னங்க, தண்ணி போட்டு விடுங்க."

"உனக்குத்தான் சீட்டு கொடுத்தேனே?"

"கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. அந்தச் சின்ன எழுத்து யாருக்குத் தெரியுது? நீங்களே ஒரு தட்டுத் தட்டிடுங்க."

தட்டினார். மதியம் துணி துவைக்க ஒரு தரம். சாயங்காலம் செடிக்கு ஒரு தரம். இரண்டாம் நாள் ஐந்து தரம். சோப்பு போட்டுக் குளித்துக்கொண்டிருந்தபோது குழாயில் தண்ணீர் நின்றது. கதவுக்கு வெளியே மனைவியின் குரல்: "தொட்டி காலிங்க. போன் எங்க இருக்கு? கதவிடுக்கில கொடுக்கட்டுமா?" ஈரக் கையில் போன் அவர் விரலை மதிக்கவில்லை. கண்ணெல்லாம் சோப்பு. ஒரு குடும்பத் தலைவன் நின்று தட்ட வேண்டிய கோலமா அது?

மூன்றாம் நாள் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை பூசியிருந்த சமயம் போன் அடித்தது.

"என்னங்க, சமையல் பாதியில நிக்குது. சொட்டுத் தண்ணி இல்ல."

"சீட்டைப் பார்த்து நீயே போடேன்!"

"டப்பா மூடி திறக்க வரலைங்க. அங்கிருந்தே தட்டிடுங்களேன்."

அங்கிருந்து தட்ட முடியாது. வீட்டு வைஃபைக்கு வெளியே பக்கம் திறக்காது. செய்தது யார்? அவரேதான். கழுத்தில் துண்டோடு, பாதி முகத்தில் நுரையோடு, நாலு தெரு ஓடி வந்து, வாசற்படி ஏறியதும் தட்டினார். தட்டிவிட்டு, நிறுத்துவதற்காக அங்கேயே நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா.

"என்ன சார், புது ஸ்டைலா?"

அதையும் பீரோவில் வைத்தார். இப்போதெல்லாம் பீரோவில் இடமே இல்லை.

ஆனாலும் ஒரு துளி வழியவில்லை. அதுதான் அவருக்குத் தெம்பு. மோட்டாரைப் போட்டால் நிறையும்வரை பக்கத்திலேயே நிற்பார். குழாய்ச் சத்தத்தை வைத்தே எவ்வளவு என்று கணித்து, சரியாக நிறுத்துவார். போனில் எண்ணைப் பார்ப்பதே இல்லை. முப்பத்தொரு வருஷக் காது அது. ஆறு நாள் இப்படியே போயிற்று. இன்னும் ஒரே நாள். மனைவி பெயரில் தப்பு வரவில்லைதான். ஆனால் தன் பெயரிலும் இல்லை. அறை தப்பித்தது என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை பத்து மணி. "என்னங்க, தண்ணி" என்றாள் மனைவி. தட்டினார். படிக்கட்டுக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வாசலில் செருப்புச் சத்தம்.

"அத்தான்! சௌக்கியமா?"

மச்சான். பதினான்கு வருஷமாக, விசேஷ நாள் தவிர இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். கையில் ஒரு பொட்டலம்.

"அக்கா போன் பண்ணிச் சொன்னா. நீங்க வீட்டுலேயே ஒரு சர்வர் கட்டிட்டீங்களாமே? என் ஆபீஸ்ல இன்ஜினீயருங்க நாலு பேர் சேர்ந்தும் இதப் பண்ண முடியல. அதான் ஓடி வந்தேன். முதல்ல இத வாங்கிக்கங்க."

பிரித்தார். துளைபோடும் முனை. புத்தம் புதிது.

"அன்னிக்கு முறிச்சது நான்தான் அத்தான். சொல்லக் கூச்சப்பட்டேன்."

லிப்ட்காரர் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பதினான்கு வருஷம்! பீரோவின் இரண்டாம் தட்டு படீரென்று காலியானது. அந்தக் காலி இடத்தில் காற்று வந்து புகுந்து, அவரை அப்படியே கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது.

"உட்காருங்க மாப்பிள்ளை. இந்தப் பக்கத்தைப் பாருங்க. முதல் சாதனம், மோட்டார். ரெண்டாவது, தொட்டி. இங்க பாருங்க, முப்பத்தெட்டு சதவீதம்னு காட்டுதா?"

"அடேங்கப்பா! எப்படி அத்தான் இது தெரியுது?"

சொன்னார். போர்டு வாங்கியது, முகவரி மாற்றிய வைஃபை பெட்டியோடு போட்ட சண்டை, நிரந்தர முகவரி, பதிவேடு. மச்சான் ஒவ்வொன்றுக்கும் வாயைப் பிளந்தான். நடுநடுவே அவர் போனைப் பார்த்தார். முப்பத்தெட்டு. நேரம் இருக்கிறது. மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"தண்ணி ஓடுதுங்களே" என்றாள்.

"தெரியும், தெரியும். முப்பத்தெட்டுதான் ஆகியிருக்கு. பேசிட்டிருக்கிறப்ப குறுக்கே வராதே."

"சரிங்க" என்று அவள் உள்ளே போனாள். அவர் புதிய சாதனம் சேர்ப்பது எப்படி என்று மச்சானுக்கு விளக்க ஆரம்பித்தார். "இங்க பேர் எழுதணும், இங்க இடம், இங்க நிலை. எதை வேணாலும் சேர்க்கலாம் மாப்பிள்ளை!" போனில் முப்பத்தெட்டு. இன்னும் முப்பத்தெட்டு.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

டாக்டரம்மா வந்தபோது அவர் கையில் கோட்டு இல்லை. உடம்பிலேயே போட்டிருந்தார். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சாட்சிக்குக் கூப்பிட்டீங்களே, இப்பவே வச்சுக்கலாமா?" என்றார்.

பதிவேட்டைத் திறந்து, லிப்ட்காரர் தம் வாயாலேயே படிக்க வேண்டியதாயிற்று. ஏழு நாளில் மோட்டார் ஓடியது முப்பத்தொரு தடவை. போட்டவர்: லிப்ட்காரர், முப்பத்தொன்று. மனைவி: சுழி. தொட்டி வழிந்தது: ஒரு தடவை. போட்டவர்: லிப்ட்காரர்.

"இது அநியாயம்!" என்றார். "நீ போடச் சொன்ன, நான் போட்டேன்! இவனை வரச் சொன்னது யாரு? நீ! இந்தப் பக்கம் முப்பத்தெட்டுலயே நின்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"ரெண்டாம் நாளே பார்த்தேங்க. உங்க போன் கீழ கிடந்துச்சு. அந்த நம்பர் தானா மாறவே மாட்டேங்குது."

"ஏன் சொல்லல?"

"பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க" என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, "இருபத்தஞ்சு வருஷமா கைவேலையை விட்டுட்டு ஓடி ஓடி நான்தானே போட்டேன், நான்தானே நிறுத்தினேன்? ஒரே ஒரு நாள் உங்களை நிறுத்தச் சொன்னா, வழிஞ்சதுக்குப் பேர் எனக்கு. அதான் ஒரு வாரம் நீங்க போட்டுப் பாருங்களேன்னு விட்டேன். அப்புறம் என்னங்க? பதிவுல யாரு பேர் இருக்கோ..."

"போதும்!" என்று கத்தினார். அந்த வாக்கியத்தை இந்த வீட்டில் இன்னொரு வாயிலிருந்து கேட்க அவரால் முடியாது. மச்சான் பக்கம் திரும்பினார். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அசப்பில் ஓணான்.

அடுத்த சனிக்கிழமை மாடி அறையில் ஆறு மெஷின் கடகடத்தது. அவருடைய மேஜை படிக்கட்டுக்குக் கீழே, மோட்டாருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சக்கரங்களை இரண்டு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் படியேறிப் போனார்கள். வரிசையில் நாலாவது பெண் நின்று, குனிந்து, "என்ன சார், போர்டு நல்லா வேலை செய்யுதா?" என்றாள்.

அவர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். கடைப்பெண்.

"நீ... நீயும் இங்கதான் தைக்கிறியா?"

"ரெண்டு வருஷமா வர்றேன் சார். நீங்கதான் ஒரு நாளும் பார்த்ததில்ல. அந்த ரெண்டு டிக்கையும் போன வாரம் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன். தொட்டி வழிஞ்ச அன்னிக்கு ராத்திரியே போட்டுட்டாங்களாம்."

"எப்படிப் போடுவா? அதுக்குத் தலைமைப் பாஸ்வேர்டு வேணுமே? அது யாருக்கும் தெரியாதே!"

மாடியிலிருந்து மனைவியின் குரல், மெஷின் சத்தத்துக்கு மேலே, இறங்கி வந்தது.

"தினம் தூக்கத்துல கூட அந்த ஆளைத்தானே திட்டுறீங்க! வருஷத்தோட! ஆச்சரியக்குறி எத்தனைன்னுதான் தெரியல. மூணாவது தடவையில திறந்துக்குச்சு!"

லிப்ட்காரர் போனை எடுத்தார். பக்கத்தைத் திறந்தார். முதல் சாதனம்: மோட்டார். நிலை: நிற்கிறது. இரண்டாவது: தொட்டி. நூறு சதவீதம். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

மூன்றாவது சாதனம்: வீட்டுக்காரர். இடம்: படிக்கட்டுக்குக் கீழே. நிலை: ஓடுகிறது.

"என்னடி இது! மனுஷனைக் கொண்டுபோய் மோட்டாரோட சேர்த்து எழுதியிருக்க!" என்று அழிக்கும் பட்டனை ஓங்கி அழுத்தினார். பக்கம் பதில் சொன்னது. அவரே எழுதிய பதில்தான்: "இதில் கை வைக்க உமக்கு அனுமதி இல்லை. போய் வேலையைப் பாரும்."

தொண்டை கிழியக் கத்தினார். அநியாயம் என்றார், அக்கிரமம் என்றார், கட்டிய கையையே கடிக்கிறது என்றார். மேலே ஆறு மெஷினும் ஒரு கணம் நின்று, பிறகு சிரிப்போடு சேர்ந்து மறுபடி ஓடின.

பக்கம் இப்போது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் அல்லவா? அவர் கண்ணெதிரே, அவர் தொடாமலேயே, மூன்றாவது வரி மாறியது.

நிலை: சூடேறியிருக்கிறது.